ஆட்டோகிளேவ் கழுவாது: டெல்டா மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவில் அறுவை அரங்கு நடத்தும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அந்த அரங்குகளில் கத்தி பிடிக்கும் மருத்துவர்களுக்கும்,

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் 22 ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் கழிந்தன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சிறிதும் பெரிதுமான மருத்துவமனைகளில் பணிசெய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். போன மாதம் ஒரு மருத்துவமனையில் எடுக்கப்பட்ட முடிவு என்னை இதை எழுத வைத்தது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அது அந்த ஒரு மருத்துவமனையின் குற்றமாக முடிந்துவிடும். மற்றவர்கள் நமக்கில்லை என்று இருந்துவிடுவீர்கள்.

அறுவைக் கருவிகளில் உள்ள கிருமிகளை நீராவிச் சூட்டால் கொல்லும் பெரிய ஆட்டோகிளேவ் ஒன்று அங்கே புதிதாக வந்திருக்கிறது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நீராவியைச் செலுத்தும் நல்ல இயந்திரம். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அதை வைக்க இடம் தேடியவர்கள் கருவி கழுவும் அறையை எடுத்துக்கொண்டார்கள். மூன்று தொட்டிகள் இருந்த மேடையை இடித்தார்கள். கழுவுவதற்கென்றே பழகியிருந்த இரண்டு பெண்களையும் வார்டுக்கு மாற்றினார்கள். இனி ஒவ்வொரு அறுவை முடிந்ததும் தியேட்டர் பணியாளர் எவரோ ஒருவர், மருத்துவர்கள் கை கழுவும் இடத்துக்கு அருகில் உள்ள ஒற்றைத் தொட்டியில் கருவிகளை அலசி, ட்ரேயில் போட்டு, இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். ஆட்சேபித்த செவிலியரிடம், "134 டிகிரியில் எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர் படித்தவர். அதனால் கேள்விக்கு உரிய மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

நீராவி தொட்ட இடத்தில்தான் கிருமி சாகும். தொடாத இடத்தில் சாகாது. 121 டிகிரியில் 15 நிமிடம் என்றும், 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் என்றும் நாம் சொல்லும் கணக்கெல்லாம் சுத்தமான உலோகத்துக்கு வகுத்த கணக்கு. கத்தரியின் திருகுக்கு அடியிலும், ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பூட்டு மூட்டிலும், உறிஞ்சு குழாயின் உட்புறத்திலும் காய்ந்துபோன ரத்தமும் கொழுப்பும் சலைன் உப்பும் படிந்திருந்தால், அந்தப் படிவுக்கு உள்ளே இருக்கும் கிருமிக்கு அது கவசம். நீராவி மேலே தட்டிவிட்டுத் திரும்பிவிடும். கொழுப்பை நீராவி ஊடுருவாது. சில கிருமிகள் தம்மைச் சுற்றித் தாமே வழுவழுப்பான ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரசித்தான் எடுக்க வேண்டும். நன்றாகக் கழுவும்போது மட்டுமே கருவியில் உள்ள கிருமிகள் ஆயிரத்தில் ஒன்றாக, சில வேளை பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆட்டோகிளேவுக்கு மிஞ்சுவது அந்தக் கடைசிச் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கை முடிக்கத்தான் அந்த இயந்திரம்.

எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு முன்பு நாச்சியார்கோயில் குத்துவிளக்கைத் துலக்குவோம். அகல் தனி, தண்டு தனி, பாதம் தனி என்று கழற்றிப்போட்டுவிட்டுத்தான் புளியைக் கையில் எடுப்பார் என் அம்மா. மரையில்தான் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். ஒரு குழந்தையை வெளியே எடுக்க வயிற்றைத் திறக்கும் கருவிக்கு அந்த அளவு கவனமாவது வேண்டாமா என்று கேட்கிறேன்.

இன்னொன்றையும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். ரத்தம் பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது. போட்டால் கறை நிலைத்துவிடும். முட்டை ஒட்டிய கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றினால் முட்டை வெந்து இன்னும் இறுகும். ரத்தமும் முட்டையும் புரதம். சூடு பட்டால் உறையும். சரியாகக் கழுவாத கருவியை 134 டிகிரியில் வைப்பது, முந்தைய நோயாளியின் ரத்தத்தை அடுத்த நோயாளிக்காக வேகவைத்து ஒட்டிவைப்பதுதான். அதன்பிறகு தேய்த்தாலும் எளிதில் வராது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஒரு நள்ளிரவில் என் கண் முன்னே நடந்தது. சிசேரியன். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரப் செய்து, அதாவது கையைத் தேய்த்துக் கழுவி, கருவிகள் கட்டிய செட்டைத் திறந்தேன். மேலே ஒட்டிய டேப்பில், சூடு பட்டால் விழும் கறுப்புக் கோடுகள் தெளிவாக விழுந்திருந்தன. தேதி சரி. துணியும் உலர்ந்திருந்தது. கருவிகளை வரிசையாக அடுக்கும்போது ஓர் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைத் திறந்து மூடிப் பார்த்தேன். அது என் பழக்கம். பூட்டிலிருந்து மிளகுத்தூள் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று பச்சைத் துணியின் மேல் விழுந்தது. விரலால் தொட்டேன். கையுறையில் செம்பழுப்பாகத் தேய்ந்தது. வேறொரு பெண்ணின் ரத்தம் அது.

மருத்துவர் அவசரத்தில் இருந்தார். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்துத் தொடங்கலாம் என்றார். நான் மறுத்தேன். மொத்தச் செட்டையும் மேசைத் துணியையும் மாற்றி, மறுபடி கவுன் அணிந்து நிற்பதற்குச் சில நிமிடங்கள் போயின. அந்த நிமிடங்களின் பாரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆகியிருந்தால், தாமதித்தது நான்தான் என்று ஆகியிருக்கும். நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை வந்தது. அந்தச் செட்டை யார், எப்போது, எப்படிக் கழுவினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். முந்தைய நாள் பின்னிரவில் ஒரு சிசேரியன் முடிந்திருக்கிறது. பணியில் இருந்தது ஒரே ஒரு பெண். அவர்தான் தள்ளுவண்டியைத் தள்ளினார், தரையைத் துடைத்தார், ரத்தப் பையை வாங்கி வர ஓடினார். கருவிகளை ஒரு வாளி பிளீச்சிங் கரைசலில் போட்டுவிட்டுப் போனவர், விடிந்த பிறகுதான் அதன் பக்கம் வர முடிந்தது. அதற்குள் ரத்தம் ஊறி, உறைந்து, மூட்டுகளில் இறுகிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை.

அந்த வாளியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பயின்ற காலத்தில், பயன்படுத்திய கருவியை முதலில் 0.5 சதவீத குளோரின் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும் என்றுதான் கற்றுத்தந்தார்கள். கழுவுகிறவருக்குத் தொற்று வராமல் காப்பதற்கு என்று சொன்னார்கள். நானும் எனக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 2016-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, கழுவுவதற்கு முன்பு எந்தக் கிருமிநாசினியிலும் ஊறவைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. காரணங்களும் எளியவை. ரத்தம் கலந்தால் குளோரின் வீரியம் இழக்கிறது. உலோகத்தை அரிக்கிறது. ஊறியதாலேயே சுத்தமாகிவிட்டது என்ற பொய்யான தைரியத்தைத் தருகிறது. நான் தவறாகக் கற்றுக்கொடுத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் பயின்றவர்கள் இதைப் படித்தால் அந்த வாளியை இன்றே அப்புறப்படுத்தட்டும். பத்து நிமிடம் என்று எழுதியிருந்த வாளி, ஆள் இல்லாத ஊரில் பத்து மணி நேர வாளியாகிவிடும் என்பதை நடைமுறையில் பார்த்தவள் நான்.

என்ன செய்ய வேண்டும் என்பது கடினமான வித்தை அல்ல. அறுவை நடக்கும்போதே ஸ்க்ரப் சிஸ்டர் ஈரத் துணியால் கருவியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்; சலைனால் அல்ல, கிருமி நீக்கிய ஸ்டெரைல் தண்ணீரால். முடிந்தவுடன் மூட்டுகளைத் திறந்து வைத்து, காயாமல் ஈரத் துணி போர்த்தி, மூடிய பெட்டியில் கழுவும் அறைக்குப் போக வேண்டும். அங்கே முதலில் குளிர்ந்த நீர். பிறகு ரத்தப் படிவைக் கரைக்கும் என்ஸைம் கலந்த வெதுவெதுப்பான நீரில், பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் அளவும் நேரமும் பிசகாமல் ஊறல். பிறகு மென்மையான நைலான் பிரஷ்ஷால், நீருக்கு அடியிலேயே வைத்துத் தேய்க்க வேண்டும். மேலே வைத்துத் தேய்த்தால் தெறிக்கும் துளி தேய்க்கிறவரின் கண்ணுக்குப் போகும். குழாய் வடிவக் கருவி என்றால் அதன் துளைக்குப் பொருந்தும் பிரஷ் உள்ளே நுழைந்து மறுமுனையில் வெளியே வர வேண்டும். கழற்றக்கூடியதைக் கழற்ற வேண்டும். பிறகு அலசல், கடைசி அலசல் உப்பு நீக்கிய நீரில். பிறகு உலர்த்தல். பிறகு நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் துணியும் டேப்பும் ஆட்டோகிளேவும். ஒரு சிசேரியன் செட்டை இப்படி முடிக்க, பழகிய கைக்கே அரை மணி ஆகும். அந்த அரை மணியைத்தான் நீங்கள் இப்போது பட்டியலிலிருந்து அடித்துவிட்டீர்கள்.

எங்களிடம் எல்லாச் சோதனையும் இருக்கிறது என்று சொல்வீர்கள். சோதனைகளை நான் மதிக்கிறேன். டேப்பில் கோடு விழுந்தால் அந்தப் பொதி சூட்டைப் பார்த்திருக்கிறது என்று பொருள். அதற்குமேல் அது எதையும் சொல்லாது. காலையில் வைக்கும் போவி-டிக் தாள், காற்று சரியாக வெளியேறி நீராவி உள்ளே பரவுகிறதா என்பதைச் சொல்லும். ஸ்போர் குப்பி, வெப்பத்தைத் தாங்குவதில் பேர்பெற்ற ஒரு கிருமியின் ஸ்போர்களையே, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்துகளையே, இயந்திரம் கொன்றதா என்று சொல்லும். மூன்றும் இயந்திரத்தைப் பற்றிய சாட்சிகள். ஃபோர்செப்ஸின் பூட்டில் ரத்தம் இருக்கிறதா என்பதை மூன்றில் ஒன்றும் சொல்லாது. அந்த நள்ளிரவில் டேப் கறுத்துத்தான் இருந்தது. அதைச் சொல்லக்கூடியவை கழுவியவரின் கண்ணும், ஒரு பூதக்கண்ணாடியும், சந்தேகமான மூட்டில் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடும்தான். ரத்தம் இருந்தால் நுரைக்கும். பார்த்த பிறகு மறுபடி அலச வேண்டும், அவ்வளவே.

இனி என் வீட்டுக் கதை.

என் தங்கை மகளுக்குப் பித்தப்பைக் கல். வயிற்றில் சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப் மூலம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வீடு வந்தாள். ஐந்தாவது வாரம் தொப்புளுக்கு அருகில் ஒரு கட்டி. பிறகு அதிலிருந்து நீர் கசிந்தது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஒரு மருத்துவர் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்தார், அடுத்தவர் வேறொன்று கொடுத்தார். மூடும், மறுபடி உடையும். கடைசியில் தசையைச் சிறிது எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியபோது காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோய் அல்லாத, விரைவாக வளரும் மைக்கோபாக்டீரியா என்று வந்தது. குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கிற கிருமி. அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை, நடுவில் மறுபடியும் ஒரு அறுவை. கொசுவம் செருகும் இடத்திலேயே புண். சேலை கட்ட முடியாமல் நைட்டியோடு வீட்டுக்குள் இருந்தாள். அந்த ஆண்டு சம்பா நடவுக்கு அவளால் வயலில் இறங்க முடியவில்லை. நடவுக் கூலி போயிற்று. இருந்த நகையும் அடகுக் கடைக்குப் போயிற்று.

எந்தக் கருவியால் அது வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் யாரையும் இங்கே குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்த நோய் எப்படி வரும் என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. லேப்ராஸ்கோப் கருவி நீளமானது, குறுகலானது, உள்ளே பல பாகங்கள் கொண்டது. பல இடங்களில் அதைச் சரியாகக் கழற்றிக் கழுவாமல், 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கரைசலில் ஸ்போர்கள் வரை சாக 10 மணி நேரம் வேண்டும். அழுக்குக்கு உள்ளே அது நுழைவதும் இல்லை. எடுத்த பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினால், தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியா மறுபடி கருவியில் ஏறிக்கொள்கிறது. பிரேசில் நாட்டில் 2000-களில் இதே வகைக் கிருமி, இதே வகைக் கரைசலைப் பயன்படுத்திய மருத்துவமனைகளில், லேப்ராஸ்கோப் அறுவை செய்துகொண்ட ஏராளமானோருக்குப் பரவியது. நம் நாட்டு மருத்துவ இதழ்களிலும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. உங்கள் அறுவை மருத்துவர்கள் அவற்றைப் படித்திருப்பார்கள்.

இதில் என்னை உறங்கவிடாதது ஒன்று இருக்கிறது. அறுவைப் புண்ணில் தொற்று வந்ததா என்பதை 30 நாள் வரை கணக்கெடுப்பதே வழக்கம். உடலுக்குள் செயற்கைப் பொருள் வைத்திருந்தால் 90 நாள். என் தங்கை மகளுக்கு வந்தது ஐந்தாவது வாரத்தில். உங்கள் ஏட்டில் அவள் நலமாக வீடு திரும்பியவள். அவள் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் போனது வேறு மருத்துவர்களிடம். முதலில் அறுவை செய்தவருக்கு இன்றுவரை தெரியாது. "எங்களிடம் தொற்றே இல்லை" என்று நீங்கள் சொல்லும்போது, நோயாளி திரும்பி வரவில்லை என்பதைத்தான் சொல்கிறீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கண் அறுவை செய்யும் இடங்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களுக்குக் கழுவுவதைப் போலவே அலசுவதும் முக்கியம். நூல் போல் மெல்லிய குழாயான கானுலாவுக்குள், முந்தைய அறுவையில் கண்ணுக்குள் செலுத்திய பசைமருந்தோ, கழுவிய என்ஸைமோ மிஞ்சியிருந்தால், கிருமி ஒன்றுகூட இல்லாமலேயே ஓரிரு நாளில் கண்ணின் முன்பகுதி வெந்ததுபோல் அழன்றுவிடும். செத்த கிருமிகளின் உடலிலிருந்து கசியும் நஞ்சும் அப்படிச் செய்யும்; ஆட்டோகிளேவின் சூடு அந்த நஞ்சை அழிப்பதில்லை. ஒலி அதிர்வால் கருவியைக் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியின் தண்ணீரை நாள்முழுவதும் மாற்றாமல் வைத்திருப்பது அதைப் பயிரிடுவதற்குச் சமம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் டெல்டாவில் எதைப் பற்றியும் பேச முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் ஓரளவு நல்ல தண்ணீர் கிடைக்கிறது. கிழக்கே போகப் போக, நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கோடையில் உப்பு இன்னும் ஏறும். குடிநீருக்கான இந்தியத் தரம் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியே இல்லாதபோது 1000 வரை. கருவிக்குக் குடிநீரைவிட நல்ல தண்ணீர் வேண்டும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய குரோமியப் படலம் இருக்கிறது. அதுதான் அதைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். ஊசிமுனை அளவுக் குழிகள் விழும். அந்தக் குழிகள்தான் அடுத்த ரத்தத்துக்கு இருப்பிடம். கடலோர மருத்துவமனை ஒன்றில் நான் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டு கூட ஆகாத கத்தரிகள் பழைய அரிவாள்போலப் புள்ளி புள்ளியாக இருந்தன. கம்பெனி சரியில்லை என்று புதிது வாங்கினார்கள். அவையும் அப்படியே ஆயின. தண்ணீரைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நோயாளிகள் குடிக்க வராந்தாவில் ஆர்.ஓ. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து ஒரு குழாயை இழுத்துக் கழுவும் அறைக்குக் கொடுக்க, நான் ஒரு வருடம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்த பிறகு வாங்கிய கருவிகள் நான் ஓய்வு பெறும்போதும் பளபளப்பாக இருந்தன.

இப்போது அந்த இரண்டு பெண்களைப் பற்றி.

மூத்தவர் 19 ஆண்டுகளாகக் கருவி கழுவியவர். ஒப்பந்தப் பணியாளராகச் சேர்ந்தவர், அப்படியே இருக்கிறார். அவர் சேர்ந்தபோது ஒருவரும் பயிற்சி தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றார். தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரின் வாய் தேய்ந்திருப்பதைக் கைவிரலால் தடவியே சொல்வார். கத்தரியை ஈரப் பஞ்சில் வெட்டிப் பார்த்து, மழுங்கியதைத் தனியே எடுத்து வைப்பார். கழுவிய கருவியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு மூட்டு சரியாகத் திறக்கவில்லை என்றால் அந்தச் செட்டைக் கட்ட விடமாட்டார். எத்தனையோ பெரிய மருத்துவர்களின் கைராசி என்று ஊர் சொன்னதில் அவருடைய கைக்கும் பங்கு உண்டு. அறுவை ஏட்டில் மருத்துவர் பெயர் இருக்கும், மயக்க மருத்துவர் பெயர் இருக்கும், என் பெயரும் இருக்கும். அவர் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

இரண்டு முறை அவர் கையில் ஊசி குத்தியது. முதல் முறை, துணி மடிப்பில் யாரோ விட்டுச்சென்ற தையல் ஊசி. அப்போதுதான் அவருக்கு மஞ்சள் காமாலை தடுப்பூசி, அதாவது ஹெபடைடிஸ் பி ஊசி, ஒரு தவணைகூடப் போடவில்லை என்று தெரிந்தது. செவிலியர்களான எங்களுக்கு மூன்று தவணையும் போட்டிருந்தார்கள். நாள்தோறும் ரத்தத்தில் கை வைக்கிறவரை யாருக்கும் நினைவில்லை. அவருக்குக் கொடுத்த கையுறை, ஊசி போட அணியும் மெல்லிய கையுறை. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறையும், தண்ணீர் ஊடுருவாத ஏப்ரனும், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் கேட்டு நாங்கள் எழுதிய மனு எங்கே போயிற்றோ.

மாற்றல் ஆணை வந்த அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். வார்டு வேலை சுலபமானதுதான் என்றார். சம்பளமும் அதேதான். "ஆனால் சிஸ்டர், அந்தத் தொட்டியில் யார் நின்றாலும் மூட்டைத் திறந்து தேய்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார். தன் வேலை போனதற்காக அவர் வரவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தார். அவர் போன பிறகு நெடுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். இந்த மடலில் நான் கேட்கும் எதுவும் நீங்கள் வாங்கிய இயந்திரத்தின் விலைக்கு அருகில்கூட வராது. நேரம் இல்லை என்று சொன்னால் அது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாளில் எட்டு அறுவை, கையில் மூன்று செட் என்றால், கழுவும் நேரம்தான் முதலில் வெட்டுப்படும். அப்படியானால் செட்டை அதிகமாக்குங்கள், அல்லது அறுவையைக் குறையுங்கள். வேறு வழி இல்லை. மாற முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2015-இல், தூய்மையான மருத்துவமனைகளுக்குப் பரிசளிக்கும் காயகல்ப் திட்டம் வந்த பிறகு நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வளாகமும் கழிவறையும் மாறியதைக் கண்ணால் பார்த்தவள் நான். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால் மாறுகிறது. கழுவும் அறைக்குள் யாரும் வந்து பார்ப்பதில்லை.

எனவே நான் கேட்பவை இவை.

அந்த மருத்துவமனையின் நிர்வாகிகளே, இடித்த மூன்று தொட்டி மேடையை வேறொரு அறையிலாவது இந்த மாதத்துக்குள் கட்டிக்கொடுங்கள். அழுக்குக் கருவி ஒரு வாசலில் வந்து, சுத்தமான கருவி மறு வாசலில் போகட்டும். இரண்டும் வழியில் சந்திக்கக் கூடாது. மருத்துவர்கள் கை கழுவும் தொட்டியில் கருவி கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். இதற்குக் கட்டட வேலை எதுவும் தேவையில்லை, ஓர் ஆணை போதும். அந்த இரண்டு பெண்களையும் திரும்ப அழையுங்கள். இரவுப் பணிக்கு மூன்றாவதாக ஒருவரைச் சேருங்கள். மூத்தவரைப் பயிற்சியாளராக நியமித்து, அதற்கு உரிய ஊதியம் கொடுங்கள்.

மற்ற எல்லா மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்: என்ஸைம் திரவம், துளைக்கு ஏற்ற பிரஷ்கள், விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடி, கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஆகிய நான்கும் தீர்ந்துபோனால் அறுவை நடக்காது என்ற நிலையைக் கொண்டுவாருங்கள். மயக்க மருந்து தீர்ந்தால் அறுவையை நிறுத்துகிறீர்கள் அல்லவா? போர் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை, ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும், குளோரைடுக்காகச் சோதியுங்கள். பிளீச்சிங் வாளியைக் கருவிகளிடமிருந்து பிரித்துத் தரைக்கு அனுப்புங்கள். கருவி கழுவும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரப் பணியாளரோ ஒப்பந்தமோ, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு அட்டையைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சீட்டு இருக்கட்டும்: யார் கழுவினார், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார். அந்தச் சீட்டு நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படட்டும்.

லேப்ராஸ்கோப் அறுவை செய்கிற மருத்துவர்களே, கழற்ற முடியாத கருவியை இனி வாங்காதீர்கள். ஆட்டோகிளேவைத் தாங்கும் கருவியைக் குளுட்டரால்டிஹைடில் போட்டு எடுக்காதீர்கள். தாங்காததை ஊறவைத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் கழற்றிக் கழுவி, முழு நேரமும் ஊறவிட்டு, ஸ்டெரைல் தண்ணீரில் அலசுங்கள். உங்கள் நோயாளி ஒவ்வொருவரிடமும் ஆறாவது வாரத்தில் ஒருமுறையும் பன்னிரண்டாவது வாரத்தில் ஒருமுறையும் உங்கள் பணியாளர் ஒருவரைத் தொலைபேசியில் பேசச் செய்யுங்கள். புண் எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். கசிகிறது என்றால் மறுபடி ஓர் ஆன்டிபயாடிக் எழுதும் முன் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஓர் அறுவை முடிந்த பிறகு, மருத்துவக் கண்காணிப்பாளரும் அறுவை மருத்துவரும் கழுவும் அறைக்குப் போய் அரை மணி நில்லுங்கள். கட்டி முடித்த செட் ஒன்றை உங்கள் கையாலேயே பிரித்து, ஒவ்வொரு பூட்டையும் திறந்து பாருங்கள்.

பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். டெல்டாவில் எந்த ஊரானாலும் பஸ் ஏறி வந்து சேருவேன். ஊதியம் வேண்டாம். ஒரு தொட்டியும், நல்ல வெளிச்சமும், அன்று கழுவ வேண்டிய கருவிகளும் இருந்தால் போதும். அந்த அம்மாளையும் உடன் அழைத்து வர அனுமதி தாருங்கள். அவருக்கு அந்த நாளுக்கான கூலியை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்